பதினேழாவது தாள்

காகிதம் நறுக்கும் மெஷினில் ஒரே தடவையில் எட்டுத் தாளுக்கு மேல் போடக் கூடாது. மூடியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பதினோரு வருடமாக அதை மதித்து வந்தவன் நான். இன்று காலை பத்தரை மணிக்குப் பதினாறு தாளை ஒன்றாகச் சேர்த்துத் திணித்தேன். லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டிவிட்டது. எங்கள் பிரிவு ஐந்தாவதில். மெஷின் ஒரு தரம் உறுமிவிட்டு நின்றுபோனது. பல்லில் மாட்டியதை விரலால் உருவினேன், பின்பக்கமாகச் சுற்றவிட்டேன், பாதிப் பாதியாகப் பிரித்து மறுபடி தள்ளினேன். லிஃப்ட் கதவு திறக்கும்போது கடைசித் தாளின் வால் உள்ளே போய்க்கொண்டிருந்தது. விசாரணைக்கு நீங்கள் வந்தீர்கள், மேடம். நான் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன்.

மொத்தம் பதினேழு தாள். பதினேழாவது என் சட்டைப் பையில் இருந்தது. அதை மட்டும் ஏன் மெஷினில் போடவில்லை என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். வீட்டில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றும் கேட்டீர்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அதற்குக் கடைசியில் வருகிறேன். கடைசியை முதலில் சொன்னால் நான் ஏதோ கொடுமைக்காரன் மாதிரித் தெரியும்.

முதலில் என் வேலை. மருந்துப் பெட்டியின் பின்பக்கம் ஒரு போன் நம்பர் இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற எழுத்தில். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதில் கூப்பிடலாம். எங்கள் கம்பெனியில் கூப்பிட்டால் போன் அக்கா எடுப்பார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கிற மனுஷி. எங்கள் பிரிவில் எல்லோருக்கும் அவர் போன் அக்காதான். மஞ்சள் தாளில் வயது, ஆணா பெண்ணா, தொழில், என்ன மருந்து என்று எழுதுவார். கீழே நோயாளியின் புகார். அதை அவர்கள் வாயில் வந்தபடியே எழுத வேண்டும், இஸ்திரி போடக் கூடாது. இது விதி. பெயர் எழுத மாட்டார்கள்.

அந்தத் தாள் என் மேஜைக்கு வரும். என்னிடம் ஒரு வார்த்தைப் பட்டியல் உண்டு, தலையணை கனத்துக்கு. மனித உடம்புக்கு வரக்கூடிய எல்லாத் தொல்லைக்கும் அதில் ஒரு வார்த்தை இருக்கிறது. ஒருவர் நெஞ்சில் எறும்பு ஊர்கிறது என்பார், இன்னொருவர் தலை என் தலை மாதிரியே இல்லை என்பார். அதைப் படித்துச் சரியான வார்த்தையைத் தேர்ந்தெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் என் தொழில். பட்டியல் எனக்கு மனப்பாடம். அதனால் ஆபீசில் என் பெயர் அகராதி. மேனேஜரைப் பார்த்தால் வருகிற தலைவலிக்கு என்ன வார்த்தை என்று ஒரு நாள் போன் அக்கா கேட்டார். காரணம் தெரிந்த தலைவலி என்றேன். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

நான் போடும் வார்த்தை இரண்டு வேலை செய்யும். ஒன்று, எண்ணிக்கை. ஆபத்தான வார்த்தை ஏதாவது ஒரே மருந்துக்கு மூன்று மாதத்தில் மூன்று தடவை விழுந்தால், பெரிய டாக்டரின் திரையில் சிவப்புக் கோடு வரும். நாங்கள் அதை மணி அடிப்பது என்போம். மணி அடித்துவிட்டால் விசாரணை முடியும்வரை அந்த மருந்து எங்கும் கிடைக்காது. அநேகமாக அதற்குப் பிறகும் கிடைக்காது. சில்லறை வார்த்தைகளுக்கு மணி கிடையாது. வாயுத் தொல்லைக்கெல்லாம் மருந்தை நிறுத்தினால் உலகத்தில் மருந்தே மிஞ்சாது.

இரண்டாவது வேலை, அந்த வார்த்தை போன் அக்காவிடம் திரும்பிப் போகும். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவரிடம் ஓர் அட்டை உண்டு. நோயாளியைத் திருப்பிக் கூப்பிட்டு அந்த அட்டையில் இருப்பதை வாசிப்பார். 'குடல் துளை' என்ற வார்த்தைக்கு உள்ள அட்டையில், இந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வண்டி அனுப்பட்டுமா என்று இருக்கும். 'வாயுத் தொல்லை' அட்டையில், நிறையத் தண்ணீர் குடியுங்கள், ஊசியை நிறுத்த வேண்டாம் என்று இருக்கும்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் வைத்திருந்தேன்.

இப்போது என் மனைவி. முடி வெட்டுகிறவள். இரண்டு நாற்காலி போட்ட சின்ன பார்லர், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும். அழுது புரளுகிற பிள்ளைகூட அவள் கையில் கத்தரிக்கோலைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு பார்க்கும். விரல் அவ்வளவு வேகம். முப்பத்திரண்டு வயதில் ஒரு நாள் காலையில் குழாயைத் திறக்க முடியவில்லை என்றாள். வாஷர் தேய்ந்திருக்கும் என்றேன். வாஷர் நன்றாகத்தான் இருந்தது.

முடக்குவாதம். மூட்டு டாக்டர் அதை ஒரு கதை மாதிரி விளக்கினார். உடம்பைக் காவல் காக்கிற ஆட்களுக்குப் புத்தி கெட்டு, சொந்த வீட்டுக்காரனையே அடிக்கிறார்கள். அதனால் மூட்டெல்லாம் வீங்கிக்கொள்கிறது. ஒரு வருடத்தில் அவள் விரல்கள் உள்பக்கமாக மடங்கிவிட்டன. பார்லரைப் பூட்டினோம்.

ஒன்பது வருடம், மேடம். காலையில் அவளுக்குப் பல் தேய்த்துவிடுவேன். குளிப்பாட்டுவேன். அவள் சட்டைக்கு ஏழு பொத்தான். போடும்போது ஏழு, கழற்றும்போது ஏழு. சாப்பாடு ஊட்டிவிட்டு ஆபீசுக்கு வருவேன். மதியம் ஓடிப்போய்ப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போய்விட்டு ஓடி வருவேன். படுத்தால் தானாகப் புரள முடியாது. ராத்திரிக்கு நாலு தரம் எழுந்து புரட்டிவிட வேண்டும். நான் அலுத்துக்கொண்டதே இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். புருஷன் என்றால் இவர்தான் என்று சொல்வார்கள். ஒரே ஒரு தடவை, ஐந்தாவது பொத்தானில் கை நின்றுபோய்க் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கவனித்துவிட்டாள்.

"முடி வெட்டறவளுக்கு நீங்க தலை வாரி விடறீங்க. வெளிய தெரிஞ்சா என் தொழிலே போச்சு" என்றாள்.

சிரிக்க வைப்பதற்காகச் சொன்னாள். சிரித்தேன். மிச்சம் இரண்டு பொத்தானையும் போட்டேன்.

நடுவில் ஒரு மாத்திரை வந்தது, எங்கள் கம்பெனியுடையதே. ஏழு மாதத்தில் அவள் விரல் பாதி திறந்தது. அந்தச் சமயத்தில் என் மேஜைக்கு அதே மாத்திரை சாப்பிட்ட மூன்று பேரின் தாள் வந்தது. கண்ணெல்லாம் மஞ்சள், ஈரல் பழுது. நான் யோசிக்கவே இல்லை. சரியான வார்த்தையை மூன்று தடவை போட்டேன். மணி அடித்தது. பெரிய டாக்டர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கிறாய் தெரியுமா என்றார். அந்த மாதமே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். ஐந்து வாரத்தில் அவள் விரல் பழையபடி மடங்கியது. மணி அடித்தது யார் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. நான் ஏதோ கோப்பு எழுதுகிறவன் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

ஆகவே, ஒழுங்கு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். ஒழுங்காக ஒரு தடவை இருந்து பார்த்தவன் நான்.

அப்புறம் இந்த ஊசி. இரண்டு வாரத்துக்கு ஒன்று, தொப்புளுக்குப் பக்கத்தில். மூன்றாவது மாதம் அவள் மூடிய குழாயை என்னால் திறக்க முடியவில்லை, அவ்வளவு இறுக்கி மூடியிருந்தாள். நான்காவது மாதம் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து முடி வெட்டினாள். ஒரு பக்கம் கோணல். கண்ணாடியைக் காட்டி, கோணல் முடியா தலையா என்று கேட்டாள். ஆறாவது மாதம் பார்லரைத் திறப்பதற்காகச் சாவிக்கு எண்ணெய் போட்டாள். நான் தூங்க ஆரம்பித்தேன். ஒரே தூக்கம், விடியும்வரை.

"நீங்க தூங்கறதப் பாத்தா செத்துப்போனவர் மாதிரி இருக்கு. நல்லாருக்கு" என்றாள்.

அந்த வருடப் பயிற்சி வகுப்பில் பெரிய டாக்டர் இந்த ஊசியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். புத்தி கெட்ட காவல்காரர்களை இது தூங்க வைக்கிறது. நல்லது. ஆனால் சில ஆயிரம் பேரில் ஒருவருக்குக் குடலில் ஓட்டை விழும். சாதாரணமாக அப்படி ஓட்டை விழுந்தால் மனிதன் துடித்துவிடுவான், காய்ச்சல் அனலாகக் கொதிக்கும். இந்த ஊசி போட்டவனுக்கு அது எதுவும் நடக்காது. கூச்சல் போட வேண்டிய ஆட்கள்தான் தூங்குகிறார்களே. வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்பான், அவ்வளவுதான். மூன்றாவது நாள் போய்விடுவான். அமைதியான வயிற்றை நம்பாதீர்கள் என்று வகுப்பை முடித்தார். நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். அந்த நோட்டையும் எடுத்துப்போயிருக்கிறீர்கள்.

முதல் தாள் ஒரு பெயின்டருடையது. ஐம்பத்தெட்டு வயது. வயிறு ஒரு மாதிரி இருக்கு, காய்ச்சல் இல்ல, பெரிய வலியும் இல்ல, வீட்டுக்காரி திட்டறாளேன்னு போன் பண்ணேன் என்று சொல்லியிருந்தார். பட்டியலைத் திறக்கவே தேவையில்லை. சந்தேகமாக இருந்தாலும் 'குடல் துளை' என்றுதான் போட வேண்டும். நான் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தேன். இது வாயுவாகவும் இருக்கலாம். போனில் கேட்டதை வைத்து யாரால் நிச்சயமாகச் சொல்ல முடியும். வாயுத் தொல்லை என்று போட்டேன். பொய் எழுதவில்லை, மேடம். இரண்டு வார்த்தை இருந்தது, ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குத்தான் எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

போன் அக்கா அவரைத் திருப்பிக் கூப்பிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அவர் நன்றி சொன்னாராம்.

பதினான்கு மாதத்தில் அப்படிப் பதினாறு தாள். ஒரு கணக்கு டீச்சர், ஒரு பஸ் டிரைவர், பேரனைத் தூக்கினதால் வந்த வலி என்று தானே காரணமும் சொன்ன ஓர் அம்மா. முதல் சில தாள்களை இரண்டு மூன்று தரம் படித்துவிட்டுத்தான் போட்டேன். அப்புறம் பழகிவிட்டது. எல்லா வேலையும் அப்படித்தானே. அந்த ஊசியால் விரல் திறந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அவர்களுக்காக என்று நினைத்துக்கொண்டால் வார்த்தை சுலபமாக வரும்.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. போன் அக்காவுக்கு ஒரு பழக்கம். அட்டையை வாசித்து முடித்த நாலாவது நாள், யாரும் சொல்லாமலே, தன் சொந்த போனிலிருந்து அந்த ஆளை மறுபடி கூப்பிட்டு எப்படி இருக்கீங்க என்று கேட்பார். வேலையில் அது கிடையாது. கேட்டதைத் தன் டைரியில் ஒரு வரி எழுதி வைப்பார். ஒரு நாள் டீ டம்ளரோடு என் மேஜைக்கு வந்து நின்றார்.

"தம்பி, நீ வாயுன்னு போட்டவங்க வீட்ல எல்லாம் ஏன்ப்பா வேற யாரோ போன எடுக்கறாங்க?"

"முடக்குவாதக்காரங்க அக்கா. போனப் பிடிக்கறதே அவங்களுக்குக் கஷ்டம். கூட இருக்கறவங்கதான் எடுப்பாங்க" என்றேன். எனக்குத் தெரியாதா அது.

"அப்படியா சொல்ற" என்றார். டீ ஆறும்வரை நின்றுவிட்டுப் போனார்.

ஒரு வழியாகப் பணம் சேர்த்து, போன மாதம்தான் பார்லரை மறுபடி திறந்தோம். கண்ணாடி மாட்ட, நாற்காலிக்கு உறை போட என்று நான் மூன்று நாள் லீவு எடுத்தேன். என் இடத்தில் தோல் களிம்புப் பிரிவிலிருந்து ஓர் ஆளை உட்காரவைத்தார்கள். விவரம் தெரியாத ஆள், புத்தகத்தில் உள்ளபடி வேலை செய்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது ஊசிக்கு நேரே 'குடல் துளை' இரண்டு விழுந்திருந்தது. அந்த இரண்டு பேரையும் வண்டி அனுப்பி ஆஸ்பத்திரியில் சேர்த்து வயிற்றைத் திறந்து தைத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார்கள். அதையும் நான் கவனித்தேன். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இன்னும் ஒன்று விழுந்தால் மணி.

ஐந்தாவது நாள், செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, பதினேழாவது தாள் வந்தது.

இதோ, நீங்களே பாருங்கள். நாலாக மடித்து வைத்ததில் கொஞ்சம் கசங்கியிருக்கிறது. பெண். நாற்பத்து மூன்று வயது. தொழில், முடி வெட்டுவது. கீழே அவள் வாயில் வந்தபடி.

"ரெண்டு நாளா வயிறு கல்லு மாதிரி இருக்கு. காய்ச்சல் இல்ல. வலின்னும் சொல்ல முடியல. நின்னுக்கிட்டே வேலை பாக்கறதாலயான்னு தெரியல."

இன்னும் மூன்று வரி இருக்கிறது. அதை அப்புறம் படிக்கிறேன்.

தாளில் பெயர் இல்லை. தேவையும் இல்லை. அவள் பேசுவது எனக்குத் தெரியாதா. பெட்டியின் பின்னால் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள். அது என் மேஜையில் வந்து நிற்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

நான் அந்தத் தாளை மூன்று தரம் படித்தேன். போன் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. வீடு பஸ்ஸில் இருபது நிமிடம். ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம். அந்த இரண்டு பேரும் பிழைத்தார்கள் என்பதும் ஞாபகத்தில் இருந்தது. இதையெல்லாம் யோசிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனால் ஆஸ்பத்திரி எங்களுக்கு எழுதும். எழுதினால் மூன்றாவது விழும். மணி அடிக்கும். ஊசி நிற்கும். ஐந்து வாரத்தில் அவள் விரல் மடங்கும். இத்தனை வருடம் கழித்துத் திறந்த பார்லர், மாட்டின கண்ணாடி, எல்லாம் வீண். அவள் கைக்காகத்தான் நான் இவ்வளவும் செய்தேன். கடைசிப் படியில் போய் அந்தக் கையை நானே மடக்குவதா.

வாயுத் தொல்லை என்று போட்டேன்.

பதினொன்றரைக்குப் போன் அக்கா அவளைக் கூப்பிட்டு அட்டையை வாசித்தார். எங்கள் இரண்டு மேஜைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். வாய் அசைவது தெரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர் ஜக் காலியாக இருந்தது. இவ்வளவு தண்ணீரா என்றேன். சும்மா, தாகம் என்றாள். நான் ஜக்கை நிரப்பி அவள் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன். புதன்கிழமை முகம் கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. அன்றும் நிரப்பி வைத்தேன். வியாழக்கிழமை மத்தியானம் பார்லரிலேயே நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. தெருமுனை டாக்டர் வந்து பார்த்து, இத்தனை வருட நோய், இதயம் தாங்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. வயிறு அமைதியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை, வீட்டில் ஆட்கள் எல்லாம் போன பிறகு, அவள் போன் அடித்தது. எடுத்தேன்.

"செவ்வாய்க்கிழமை வயித்துக்காகக் கூப்பிட்டிருந்தாங்க, இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. தூங்கறாங்க" என்றேன்.

அந்தப் பக்கம் போன் அக்கா. பதினோரு வருடமாகப் பக்கத்து மேஜையிலிருந்து என் குரலைக் கேட்கிறவர். அவருக்குத் தெரியாமல் இருக்குமா. சரிங்க என்று வைத்துவிட்டார். மறு வாரம் டைரியை எடுத்துக்கொண்டுபோய்ப் பெரிய டாக்டர் மேஜையில் வைத்தார். அதனால்தான் இன்று காலை நீங்கள் லிஃப்டில் வந்தீர்கள்.

உங்கள் பட்டியலில் எட்டுச் சாவு இருக்கிறது. டைரியில் பதினேழாவது வரி காலியாக இருக்கிறது என்றும், அதை அவனே நிரப்பட்டும் என்று அந்த அம்மா சொன்னதாகவும் சொன்னீர்கள். ஒன்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் தகவல் சொல்ல யாரும் இல்லை.

இந்தத் தாளை ஏன் கிழிக்கவில்லை என்றால், மிச்சம் மூன்று வரிக்காகத்தான். அதை நான் ராத்திரியும் படிக்கிறேன், ஆபீசிலும் படிக்கிறேன். போன் அக்கா ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதியிருக்கிறார். இதோ.

"இந்த ஊசிய நிறுத்திடலாமான்னு பாக்கறேன். கை மடங்கினா மடங்கிட்டுப் போகட்டும், எனக்குப் பரவாயில்ல. வீட்ல சொல்லிடாதீங்க, அவர் இப்பத்தான் கொஞ்சம் தூங்கறார்."

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு இதைப் படித்துவிட்டுத்தான் வார்த்தையைப் போட்டேன். அவளுக்குப் பரவாயில்லையாம். எனக்குப் பரவாயில்லையா என்று அவள் கேட்கவே இல்லை, மேடம்.